கட்டம் வராத முகம்

அந்தக் கேமராவை நல்ல கேமரா என்று சொன்னவன் நான்தான். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டு பக்கம் அறிக்கை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். ஆனால் அதைப் போட்டு ஒன்றைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லும் இடத்தில் அவரை யாரும் உட்கார வைத்ததில்லை. அதனால் என் கையெழுத்தின் மேல் எனக்கே கொஞ்சம் மயக்கம் இருந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், சாம்பிள் பிரிவில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரிக்கு ஒன்றிரண்டு உருப்படி தைத்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். போனில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். புதுப் போன்கள் வந்த பிறகு சிக்கல் ஆரம்பித்தது. அவை சும்மா இருப்பதில்லை; நிறத்தைத் தாமாகவே மெருகேற்றிவிடுகின்றன. அரக்கு நிறத் துணி அங்கே போய்ச் சேரும்போது தக்காளியாக இருக்கும். நாங்கள் கேட்டது இந்த நிறம் இல்லையே என்று பதில் வரும்.

முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சின்னதா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிப்போடலாமுங்க. பெருசெல்லாம் வேண்டாம். வெல கம்மியா இருக்கோணும், ஆனா படம் பொய் சொல்லக் கூடாது. நீங்கதான் படிச்ச புள்ளயாச்சே, பாத்து முடிங்க."

ஒரு வாரம் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைப் பற்றியே படித்தேன். கடைசியில் உள்ளங்கை அளவில் ஒன்று வந்து சேர்ந்தது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் பெரிய எண் போட்டிருந்தார்கள். இத்தனை மெகாபிக்சல் என்று. அதை நான் நம்பவில்லை. துணியின் இழைகளை எண்ணுவதற்கு எங்களிடம் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி உண்டு. ஒரு வெள்ளைப் பனியன் துணியை அதில் பார்த்துப் பின்னல் கண்ணிகளை எண்ணினேன். பிறகு அதே இடத்தைக் கேமராவில் படம் எடுத்துக் கணினியில் பெரிதாக்கினேன். பெட்டியில் போட்டிருந்த எண் அளவில் எடுத்தபோது கண்ணிகள் கரைந்து கஞ்சியாக நின்றன. பாதிக்கும் கீழே குறைத்து எடுத்தபோதுதான் தெளிவாக வந்தன. அதாவது, இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாகக் காட்டுகிறது. துணியை இழுத்துப் பிடித்து அகலம் காட்டுகிற வேலைதான். ஒரு துவைப்பில் தெரிந்துவிடும். அறிக்கையில் அதை எழுதினேன்.

அடுத்தது நிறம். நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் துணிகளை வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் வெளிச்சம் மூன்றிலும் எடுத்தேன். அரக்கு அரக்காகவே வந்தது. கருநீலம் கறுப்பாகவில்லை. பட்டன் கொஞ்சம் கெட்டி. கேமராவை நகர்த்தினால் திரை ஒரு மூச்சு பின்தங்கி வருகிறது. பேட்டரி அரை நாளைக்குக் கூடத் தாங்காது. ஆனாலும் கொடுத்த விலைக்கு நிறம் நேர்மையாக இருக்கிறது. "ஏற்கத்தக்கது" என்று எழுதினேன்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

நிறம் பார்த்து முடித்த மாலை, டீ நேரத்தில் எல்லோரும் கீழே போயிருந்தார்கள். அறையில் நானும், டி-சர்ட் மாட்டி நிறுத்தியிருந்த தலையில்லாத டம்மியும்தான். அதைப் படம் எடுக்கக் கேமராவை நீட்டினேன். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றியது. மனித முகம் தெரிந்தால் அதைச் சுற்றி இந்தக் கேமரா கட்டம் போடும். வாங்கும்போதே அந்த வசதி ஆன் ஆகித்தான் இருந்தது. கட்டம் டம்மியின் கழுத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. டம்மிக்குத் தலை இருந்திருந்தால் எங்கே இருக்குமோ, சரியாக அங்கே.

கேமராவை இடதுபுறம் நகர்த்தினேன். கட்டம் தயங்கி, பின்தொடர்ந்து, மறுபடியும் அதே வெறும் இடத்தில் போய் உட்கார்ந்தது. தனியாக ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டேன். பிறகு கேமராவை அணைத்து வைத்தேன். என் அறிக்கைப் படிவத்தில் முகத்துக்கென்று ஒரு பத்தி இல்லை. நாங்கள் விற்பது துணி. எழுதாமல் கையெழுத்துப் போட்டேன்.

*

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு என்று தெரிந்தது. அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது; ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். காகிதங்களையெல்லாம் படித்து, நோட்டில் இருதயம் வரைந்து, எந்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளக்கியது நான்தான். அப்பா மருந்துக் கடை வைத்திருப்பவரின் பேச்சைக் கேட்பதுபோல் பயபக்தியோடு கேட்டார். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"ஒண்ணும் ஆகாதல்லோ கண்ணு?"

"ஒண்ணும் ஆகாதுங்கம்மா."

அம்மா இருபது வருஷமாக ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் உருப்படிகளை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்ட தையல் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் சட்டையில், பின்னும்போது ஊசி பழுதாகி விழுந்த கோட்டைப் பார்த்து, இறங்கும் வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் கையோடும் முந்தானையோடும் அந்த அம்புகள் நல்லூரில் இருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கும் வந்துவிடும். டம்ளரில் ஒன்று, பீரோவில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று.

ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார் அம்மா. எங்கள் லைனில் இது ஒரு வழக்கம். பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர்களை எல்லாம் போவதற்கு முன் எடுப்பார்கள். எதற்கென்று யாரும் கேட்பதில்லை. ஏதோ கார்டுக்கு என்று சொல்லிக்கொள்வார்கள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் திடீரென்று போனபோது தெருமுனையில் ஒட்டிய அஞ்சலி போஸ்டரில், கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து அவரை வெட்டிப் போட்டிருந்தார்கள். தோளின் மேல் வேறு யாருடைய கையோ இருந்தது. மோதிரம் போட்ட கை. ஆளைக் காணோம், கை மட்டும். அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு வருவார்.

முதலில் என் போனில்தான் எடுத்தேன். போன் அப்பாவை வெளுத்து, சுருக்கத்தையெல்லாம் தேய்த்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "இது ஆருடா?" என்றார். அப்போதுதான் நான் அந்தப் பேச்சைப் பேசினேன்.

"கம்பெனிக் கேமராவக் கேட்டுக் கொண்டாரனுங்கம்மா. அது பொய்யே சொல்லாது. உள்ளத உள்ளபடி காட்டும். நானே டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்டது."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நிட்டிங் பட்டறை. வாரத்தில் ஆறு நாளும் சுவரில் கை வைத்தால் உள்ளங்கை அதிரும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் மேலே வளையம் வளையமாக ஓடும். ஞாயிறன்று அது நின்றுவிடும்போது வீடே காதடைத்துப் போன மாதிரி இருக்கும். அன்று ஆடிக் காற்று மட்டும் கூரைத் தகரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தது.

கம்பெனியிலிருந்து ஒரு கருநீலத் துண்டுத் துணி கொண்டுவந்து சுவரில் ஆணியடித்துக் கட்டினேன். சாம்பிள் படத்துக்கு அப்படித்தான் செய்வோம். பின்னால் இருட்டாக இருந்தால் முன்னால் இருக்கும் உருப்படி எடுப்பாகத் தெரியும். வாசல் வெயிலில் கண் கூசியதால் கதவைச் சாத்தி டியூப்லைட்டைப் போட்டேன். துணிக்கு முன்னால் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, அந்த மேல் பட்டனப் போடுங்க. தொண்டக்குழி தெரியுது" என்றார் அம்மா.

"போட்டா மூச்சு முட்டுது. பொண்ணு பாக்கவா போறேன்?"

அந்தப் பேச்சுக்குப் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். "என்னக்கா, அண்ணாச்சிய மாப்பிள்ள கணக்கா ஒக்கார வச்சிருக்கிய? பொண்ணு எந்தூரு?"

"நீதான் ஒண்ணப் பாத்துச் சொல்லோணும்" என்றார் அப்பா.

"ஆமா. இருக்கறவ கையில மாத்தர வாங்கித் திங்கவே ஆளக் காணம்" என்றார் அம்மா.

சிரித்தோம். நான் கேமராவை எடுத்தேன். கட்டம் வந்தவுடன் அமுக்கலாம் என்று காத்திருந்தேன். கட்டம் வரவில்லை. ஒரு அடி முன்னால் போனேன். பின்னால் வந்தேன். லென்சைத் துடைத்தேன். அப்பா அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார். திரையில் அவர் இருந்தார். கட்டம் மட்டும் இல்லை.

"பழுதாப் போச்சோ?" என்று அக்கா முன்னால் வந்து, கேமராவுக்கு நேரே தலையை நீட்டினார். சட்டென்று கட்டம் அவர் முகத்தில் விழுந்தது. "பாத்தியளா! என் மூஞ்சிய ஒடனே கண்டுபிடிச்சிட்டு. பவுடர் போட்டது வீணாப் போவல."

வெள்ளைச் சுவரோரம் நின்ற அம்மாவைக் காட்டினேன். கட்டம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகனைக் காட்டினேன். முருகனுக்கும் வந்தது. மறுபடி அப்பா. வரவில்லை. அக்காவின் சிரிப்பு நின்றது. "அடுப்புல பால் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வீட்டில் பால் வைப்பதில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"செரி, தண்ணி குடிச்சுப்போட்டு வாரேன்" என்று அப்பா எழுந்து உள்ளே போனார். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா அப்படியே நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது.

வெறும் நாற்காலியின் மேல் கட்டம் வந்தது.

ஆடவில்லை, அசையவில்லை. அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில், நெஞ்சு உயரத்தில், வெள்ளையாக, யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்றது. அப்பா டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். கட்டம் போய்விட்டது.

நான் கேமராவை அணைத்தேன். அம்மா, அப்பா கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரலில், "புதங்கெழம போக வேண்டாம்" என்றார்.

"அம்மா, அது சும்மா மெஷினுங்க..."

"ஆடி முடியட்டும். ஆவணில பாத்துக்கலாம்."

"தள்ளிப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கறாருங்கம்மா."

"நீதானே சொன்னே, அது பொய் சொல்லாதுன்னு. உள்ளத உள்ளபடி காட்டும்னு. கையெழுத்துப் போட்டேன்னே." அம்மா என்னை நேராகப் பார்த்தார். "இப்பத் தப்புன்னு சொல்லுவயா? அப்ப ஆஸ்பத்திரிக் காயிதத்தப் படிச்சுச் சொன்னயே, அது?"

கேமரா தப்பு என்றால் நான் தப்பு. நான் தப்பு என்றால் நான் வரைந்த இருதயமும் தப்பு. கேமரா சரி என்றால், அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

*

அன்றிலிருந்து வீட்டுக்குள் என்னவோ மாறிவிட்டது. அம்மா அப்பாவைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு விரலால் அவர் தோளையோ முழங்கையையோ தொட்டுவிட்டுப் போனார். இருக்கிறாரா என்று பார்ப்பதுபோல். சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார். அப்பா முதல் நாள் கேலி பேசினார். திங்கட்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். கண்ணாடியில் எப்போதோ ஒட்டிக்கொண்ட சிவப்பு அம்பு ஒன்று, அவர் நின்றால் சரியாகக் கன்னத்தைக் காட்டியது. பல மாதமாக அங்கேதான் இருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டி எடுத்து, விரலில் ஒட்டிக்கொண்டதை உதறி உதறிப் பார்த்தார். போகவில்லை.

"நாளைக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போனப் போட்டுச் சொல்லிரு" என்றார் அம்மா.

கம்பெனிக்குப் போனதும், டீ நேரத்தில் கேமராவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். துணியைச் சோதித்ததுபோல் இப்போது முகங்களைச் சோதித்தேன். அதே மாதிரி ஒரு கருநீலத் துணி, டியூப்லைட், ஒரு நாற்காலி; ஒவ்வொருவராக உட்கார வைத்தேன். முதலில் உட்கார்ந்தவர் ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர். கட்டம் வரவில்லை.

"சார், நம்ம மூஞ்சி இல்லே?" என்றார் அவர் திரையை எட்டிப் பார்த்து. "அப்போ நேத்து ஓவர்டைம் யார் செஞ்சது?"

அடுத்து பேக்கிங் அக்கா. அவருக்கும் இல்லை. "நல்லதாப் போச்சு. சூப்பர்வைசர் கண்ணுக்கும் இப்பிடியே தெரியாம இருந்தா டீக்கு எச்சா நேரங் கெடைக்கும்."

எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு வரவில்லை. வெளுத்த நிறக்காரர்களுக்கு உடனே வந்தது. மற்றவர்களை ஜன்னல் ஓரம், வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தபோது எல்லோருக்கும் வந்தது. காரணம் கையில் கிடைத்துவிட்டது: இருட்டுத் துணிக்கு முன்னால், மங்கிய வெளிச்சத்தில், எங்களைப் போல் கறுத்த முகத்தை இந்த மலிவுக் கேமராவால் முகமென்று கண்டுகொள்ள முடியவில்லை. யாரோ எங்கோ வேறு நிற முகங்களைக் காட்டி இதைப் பழக்கியிருக்கிறார்கள்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எல்லோரும் மேலே போன பிறகு, கேமராவை மேஜையில் வைத்து, திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குக் கட்டம் வராது என்பது தெரியும். காரணமும் தெரியும். ஆனால் வராமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு. திரையில் என் முகம் இருந்தது. நான் கண் சிமிட்டினால் ஒரு மூச்சு கழித்து அதுவும் சிமிட்டியது. அதைச் சுற்றி ஒன்றும் இல்லை. என்னை அறியாமல் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சாம்பிள் அறைக்குப் போய் டம்மியைக் காட்டினேன். கழுத்துக்கு மேலே பழையபடி கட்டம். இந்த முறை கேமராவை இறக்கிவிட்டு, வெறும் கண்ணால் அந்த இடத்தைப் பார்த்தேன். பின் சுவரில் சுவிட்ச் போர்டு. அதில் இரண்டு உருண்டை ஃபேன் ரெகுலேட்டர்கள், அருகருகே, இரண்டு கண்கள் மாதிரி. முதல் நாளே அரை நிமிடம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்து, அடுப்புப் பக்கம்கூடப் போகாமல் கேட்டார்: "போன் பண்ணிட்டயா?"

"இல்லீங்கம்மா. ஒண்ணு சொல்லோணும். அப்பாவும் வாங்க."

முகங்களைச் சோதித்ததைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. "நாற்காலில ஆரோ இருந்தாங்களே. அது?"

கருநீலத் துணி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டேன். அதன் முதுகில், காற்றுக்காக இரண்டு ஓட்டை. அவற்றுக்குக் கீழே, கை விட்டுத் தூக்குவதற்கு ஒரு நீளப் பிளவு. அவற்றின் வழியே பின்னாலிருக்கும் துணி இருட்டாகத் தெரிந்தது. கேமராவைக் காட்டினேன். கட்டம் வந்தது. "அந்த ரெண்டு ஓட்டையையும் கையில பொத்துங்கம்மா."

அம்மா தயங்கி, நாற்காலிக்குப் பக்கவாட்டில் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினார். கட்டம் போய்விட்டது. எடுத்தார். வந்தது. மறுபடி பொத்தினார்.

"கண்ண மூடுனா போயிருது" என்றார் மெல்ல. அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் பயம் போகவில்லை. இப்போது நாற்காலியைப் பார்த்தும் பயம்.

அப்போதுதான் மிச்சத்தையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "கேமரா தப்புங்கம்மா. அதுக்கு மின்னால நான் தப்பு. மொத நாளே பாத்தேன். தலையே இல்லாத டம்மிக்கு முகம்னு கட்டம் போட்டுது. எழுதாம உட்டுட்டேன். நல்லதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அம்மாவின் முகம் மாறியது. மூன்று நாளாக இல்லாத ரத்தம் அதில் ஏறியது.

"பாத்துப்போட்டா உட்டே?"

"ஆமாங்க."

"பாக்காம உட்டா பரவால்ல. கண்ணு தப்பும். இருவது வருசத்துல நானும் எத்தனையோ உட்டிருப்பேன். பாத்துப்போட்டு ஒரு ஓட்டைய உட்டதில்லடா நான்! எப்பிடிறா கை வந்துது? என்ன படிச்சே நீ?"

அப்பா ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "இருங்க. ஆஸ்பத்திரிக் காயிதத்துலயும் இப்பிடி எதையாச்சும் பாத்துப்போட்டு உட்டயா?"

தகரம் காற்றில் ஒரு முறை தூக்கி அடித்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். என் வாய் அதற்குத்தான் தயாராக இருந்தது.

"ஒண்ணு உட்டேங்கம்மா" என்றேன். "ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். டாக்டர் அப்பிடிச் சொல்லல. அப்பாவுக்குச் சக்கரையும் இருக்கறதால ஆபரேஷன்ல கொஞ்சம் ஆபத்து இருக்குதுன்னு சொன்னாரு. பண்ணாம உட்டா அதவிட எச்சா ஆபத்துன்னும் சொன்னாரு. நீங்க பயந்துக்குவீங்கன்னு பாதியச் சொல்லல."

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினார்.

"எங்க டேபிள்ள புதுசா வர்ற புள்ளைங்க, மூட்டை மூட்டையாப் பாத்துப்போட்டு எல்லாம் பாஸுங்கக்கான்னு சொல்லும். அதுக சொல்றத நம்பி நான் ஒரு பெட்டியக் கூடக் கட்ட உட்டதில்ல. பத்துல ஒண்ணாச்சும் பழுதுன்னு எடுத்துக் காட்டுனாத்தான் பாத்திருக்குதுன்னு அர்த்தம்." என்னைப் பார்த்தார். "நீ இப்பத்தாண்டா பாத்திருக்கறே."

பிறகு அப்பா பக்கம் திரும்பி, "காலைல எத்தன மணிக்குங்க பஸ்ஸு?" என்றார்.

அப்பா விரல்களை மட்டும் காட்டினார், ஐந்து என்று.

அம்மா முந்தானையைத் தடவி, எங்கேயோ ஒட்டியிருந்த ஒரு சிவப்பு அம்பைப் பிரித்தெடுத்து, கேமராவின் லென்சுக்குப் பக்கத்தில் அழுத்தி ஒட்டினார். ஓட்டை இங்கே என்று.

"கதவத் தொறந்துபோட்டு வெளிச்சத்துல வேணா இப்ப ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்று அப்பா கேட்டார். "சட்ட வேற துவச்சிருக்குது."

"ஒண்ணும் வேண்டாம். வந்து எடுத்துக்கலாம்" என்றார் அம்மா.

*

வியாழக்கிழமை ஆபரேஷன். அன்று காலையில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, ஏதோ ஒரு கார்டின் அசல் வேண்டும் என்றார்கள். அதை எடுக்க நான் மட்டும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். நடுப்பகல். பீரோவைத் திறந்து கார்டை எடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பட்டறை மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஞாயிற்றுக்கிழமையின் அந்தக் காதடைப்பு, புதன் போய் வியாழக்கிழமையில் வந்து நின்றது.

நாற்காலி, நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே, கருநீலத் துணிக்கு முன்னால் இருந்தது.

கம்பெனியில் திருப்பிக் கொடுப்பதற்காகக் கேமராவைப் பையில் வைத்திருந்தேன். எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன். வாசல் வெளிச்சம் மட்டும் இருந்தது. திரை விழித்தது; நாற்காலி தெரிந்தது; உடனே, ஒரு தயக்கமும் இல்லாமல், கட்டம் வந்தது.

இரண்டு ஓட்டை, ஒரு பிளவு, பின்னால் இருட்டுத் துணி. எனக்குத் தெரியும். அதை அம்மாவுக்கு நிரூபித்தவனே நான்தான். ஆனாலும் ஒரு அடி பின்னால் போனேன். இந்த நிமிடம் கோயமுத்தூரில் அவர் நெஞ்சு திறந்திருக்கும். இங்கே அவருடைய நாற்காலியில் எதுவோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொடியில் அப்பாவின் துண்டு கிடந்தது. கேமராவை ஒரு கையில் பிடித்தபடியே அதை எடுத்து, பஸ் ஜன்னல் வழியாகச் சீட்டுக்குத் துண்டு போடுவோமே, அப்படி, நாற்காலியின் முதுகில் வீசிப் போட்டேன். ஆள் வருகிறார், இடம் பிடித்தாயிற்று என்று. ஓட்டைகள் மறைந்துவிட்டன. திரையில் கட்டம் இன்னும் இருந்தது. துண்டின் மேல், ஒரு முழு மூச்சு நேரம். பிறகு போனது. திரை பின்தங்குகிற கேமரா அது. அறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன்.

கார்டை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். போகும் வழியில் கம்பெனியில் இறங்கி, பழைய அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: துணிக்கு ஆகும், முகத்துக்கு ஆகாது, முதல் சோதனையிலேயே தெரிந்தும் எழுதாமல் விட்டது என் பிழை. மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். முதலாளி படித்துவிட்டு, "துணிக்கு ஆகுமல்லோ, போதுமுங்க. அப்பாவப் பாருங்க, போங்க" என்றார். கேமரா இன்றும் அங்கேதான் இருக்கிறது, அம்போடு.

அப்பா வீடு திரும்ப இரண்டு வாரம் ஆனது. வாசலில் ஆட்டோ நின்று, அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து உள்ளே அழைத்து வந்தோம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியையும் அதன் மேல் கிடந்த துண்டையும் பார்த்தார்.

"ஆருடா என்ற துண்ட இங்க போட்டது?" என்றார். எடுத்து உதறி, தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாக உட்கார்ந்தார்.